காப்பு கட்டாத பிள்ளை

அந்த வருஷம் மாரியம்மனும் பள்ளிக்கூடமும் என் மகளுக்காக ஒரே வாரத்தில் மல்லுக்கு நின்றார்கள். நான் அம்மன் பக்கம். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. அம்மன் ஜெயித்தால் பிள்ளை வீட்டில் இருக்கும், பள்ளிக்கூடம் ஜெயித்தால் கடற்கரைக்குப் போய்விடும். அதைப் பார்த்துத்தான் பக்கம் சேர்ந்தேன்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. எழுபதுகளின் கடைசி. கோலாலம்பூருக்கு வடக்கே, மலைமேல் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டு விடுமுறையில் மலையிலுள்ள பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு ஒரு பிள்ளையைப் பொறுக்கி எடுத்து, கீழே லூமுட் கடற்கரையில் மூன்று இரவு தங்க வைக்கப் போவதாக ஏற்பாடு. பாட்டு, விளையாட்டு, கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுவது, அதெல்லாம் போக அலையில் கால் நனைப்பது. எங்கள் பள்ளியிலிருந்து என் மகளைப் பொறுக்கியிருந்தார்கள். படிப்புக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் வாய்க்காகத்தான். புது ஆளைப் பார்த்தால் மற்றப் பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளியும். இவள் அந்த ஆளின் பெயர், ஊர், சம்பளம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் விடுவாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் வெளியே போய் இரவு தங்கினால், ஒன்று பிரசவமாக இருக்கும், இல்லாவிட்டால் சாவாக இருக்கும். சும்மா, பார்த்துவிட்டு வரலாமே என்று போய்த் தங்கினவர் யாருமில்லை. அதுவும் கடல். எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடை, முழங்கால் வரை வரும், குளிர் எலும்பில் இறங்கும். அதிலேயே வருஷத்துக்கு ஒரு தடவையாவது வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டு வருவாள் என் மகள். அவளைக் கொண்டுபோய்க் கடலில் விடுவதா?

பயமாக இருந்தது. வேறு பெரிய காரணமெல்லாம் கிடையாது. அவள் பிறந்ததிலிருந்து என் வயிற்றில் கால் போட்டுத்தான் தூங்குவாள். அந்தக் காலின் கனம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்பதும் காரணம்தான்.

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஈப்போவிலிருந்து வந்த சின்னப் பெண், பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தவர். நான் கொடுத்த தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே பேசினார்.

"அக்கா, புள்ள கடலையே பார்த்ததில்லையாம். நானும் கூடப் போறேன். ராத்திரி என் பக்கத்துலதான் படுக்க வெப்பேன்."

"கடல் எங்கயும் ஓடிப் போயிடாதே டீச்சர். கொஞ்சம் பெருசானதும் பார்த்துக்கட்டுமே."

"இந்த மாதிரி சான்சு மறுபடி வராதுக்கா."

கதவுக்குப் பின்னால் மகள் நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்றும் தெரியும். என் குடும்பத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பிள்ளைக்குப் பிடித்ததை நான் சொல்வேன், பிடிக்காததை அவள் அப்பா சொல்வார். "அவங்க அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் டீச்சர். எனக்கென்ன, போயிட்டு வரட்டும்னுதான் இருக்கு" என்றேன். மகள் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அப்படித் தாராளமாகப் பேசத் தெம்பு இருந்தது. என் வீட்டுக்காரர் கோயில் கமிட்டித் தலைவர். தொழிற்சாலையில் இலை வாட்டும் தட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அங்கே அவர் பேச்சை அந்த இலைகூடக் கேட்காது. கோயிலுக்கு வந்து துண்டைத் தோளில் போட்டுவிட்டால் ஆளே வேறு. ஆடித் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால் தோட்டத்து ஆள் எவரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். பொழுது சாய்வதற்குள் இரும்புப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். காப்பு அவிழ்க்கும் வரைக்கும் இதுதான் சட்டம். முந்தின வருஷம் ஒரு வாலிபன் பிரிஞ்சாங்கில் படம் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அங்கேயே கடைவாசலில் படுத்துவிட்டான். தீமிதிக்கான விறகு மொத்தத்தையும் அவனை ஒற்றை ஆளாகப் பிளக்க வைத்தார் இவர். அவன் அதன் பிறகு என்னைப் பார்த்தாலே தோள்பட்டையைத் தடவிக்கொள்வான்.

டீச்சர் சொன்ன தேதிகளைக் கேட்டபோதே எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் காப்பு கட்டு, மறுநாள் காலையில் பஸ். இனி நான் வாயே திறக்க வேண்டாம். ஆத்தாளே பார்த்துக்கொள்வாள்.

சாயங்காலம் அவர் உடம்பெல்லாம் தேயிலை வாசத்தோடு வந்தார். சோற்றைப் போட்டேன். கருவாட்டைக் கொஞ்சம் கூடவே வைத்தேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவர் முகம் கடுகடுக்கும் என்று காத்திருந்தேன்.

"போகட்டும்லா" என்றார்.

"என்னது?"

"போகட்டும்னேன். ஸ்கூல்லயே ஒரே புள்ளைய எடுத்திருக்காங்க, அது நம்ம புள்ள. பெக்டரியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

டீச்சர் எனக்கு முன்னாலேயே இவரைத் தொழிற்சாலை வாசலில் பிடித்துப் பேசியிருக்கிறார். இவரும் பெருமை தாங்காமல் உள்ளே போய்த் தட்டுத் தட்டாகப் பீற்றிவிட்டு வந்திருக்கிறார். இனி இல்லை என்று எந்த வாயால் சொல்வார்?

"காப்பு கட்டிட்டா எல்லை தாண்டக்கூடாதுன்னு நீங்கதானே ஊரையே மிரட்டறீங்க? வெறகு பொளந்தவன் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கமிட்டியில பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைக் கடித்தார். கூடவே வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் பாயில், பெண்கள் ஓரமாகத் தூணுக்குப் பின்னால். என் மகள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதைப் பற்றி, அலையை ஒரு தடவைகூடப் பார்க்காத இத்தனை பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு ஆராய்ந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சட்டம் உண்டா என்று ஒருவர் கேட்டார். ஆத்தாளுக்கு முன்னால் வயசாவது மண்ணாவது என்றார் இன்னொருவர். கடலும் ஆத்தாள்தானே, ஒரு ஆத்தாளிடமிருந்து இன்னொரு ஆத்தாளிடம் போனால் குற்றமா என்று ஒருவர் எடுத்துவிட, எல்லார் கையும் அடுத்த வெற்றிலைக்குப் போனது.

அப்போதுதான் பூசாரி தொண்டையைக் கனைத்தார். எங்கள் பூசாரிதான் தோட்டத்து லோரி டிரைவரும். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனால் வழியில் ஓர் இரவு தங்காமல் அவரால் திரும்ப முடியாது. திருவிழா என்பதற்காகத் தோட்டத்துத் துரை தேயிலையை நிறுத்தி வைப்பாரா? அதனால் எப்போதோ அவருக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு காலிப் பால் டின்னில் தோட்டத்து மண்ணை நிரப்பி லோரியில் வைத்துக்கொள்வார். படுக்கும்போது காலை அந்த மண்மேல் வைத்துக்கொள்வார். கால் தோட்டத்து மண்ணில் இருந்தால் ஆள் தோட்டத்தில் இருப்பதாகத்தானே அர்த்தம்? இந்த ஏற்பாட்டில் துரைக்கும் ஆத்தாளுக்கும் மனஸ்தாபம் வந்ததாகத் தெரியவில்லை.

"புள்ளைக்கும் ஒரு டின்னு மண்ணு குடுத்து விடுங்க, தலைவரே. நான் இத்தன வருஷமா நல்லாத்தானே இருக்கேன்?" என்றார் பூசாரி.

கொட்டகையில் தலைகள் ஆட ஆரம்பித்தன. என் வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம். இதை இப்படியே விட்டால் பிள்ளை போய்விடும் என்று எனக்குப் பதறியது. தூணுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தேன்.

"அண்ணே, லோரி எஸ்டேட் லோரி. அது எங்க நின்னாலும் எஸ்டேட் சொத்து. அதுல மண்ணு வெச்சீங்க, சரி. எம்புள்ள என்ன லோரியா?"

நல்ல கேள்வி என்று பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. ஆண்கள் பக்கத்தில் யோசனை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அதிகாரத்திலிருந்து ஓய்வு பெறாத பழைய கங்காணி, பாயில் சாய்ந்தபடியே சொன்னார்.

"லோரி மாதிரிதான்மா. எஸ்டேட் ஆஸ்பத்திரியில பொறந்துச்சு, ஆயாக்கொட்டகையில வளந்துச்சு. நாளைக்கு எஸ்டேட்ல கொழுந்து எடுக்கப் போவுது. புள்ளையும் எஸ்டேட் சொத்துதான். தாராளமா மண்ணு வெச்சு அனுப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அந்த ஆள் கிண்டலுக்குத்தான் சொன்னார், தெரியும். கிண்டலில் பொய் ஒன்றும் இல்லையே என்பதுதான் சுருக்கென்றது. நானும் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவள், அந்தக் கொட்டகையில் தொட்டிலில் கிடந்தவள். மகள் எங்கேயும் போகக்கூடாது, என் வயிற்றில் கால் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் நினைத்ததற்கும் கிழவர் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் கத்தினேன்.

"எம்புள்ள யார் சொத்தும் கெடையாது. ஒரு பிடி மண்ணு அவ கூடப் போவாது. காப்பு கட்டற அன்னிக்கு மத்தியானமே அவளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிடறேன். கட்டும்போது உள்ள இருந்தாத்தானே உங்க சட்டம்? வெளிய இருக்கறவளை எந்தச் சட்டம் கேக்கும்?"

விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காப்பு கட்டும் வேளையில் எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு அந்த வருஷம் கட்டு இல்லை. அவர் வெளியாள். "அதுவும் சரிதான்" என்றார் பூசாரி. கூட்டம் கலைந்தது.

வாயை மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளை அனுப்பக்கூடாது என்று போனவள் அனுப்புகிறேன் என்று ஊர் அறியச் சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். போதாததற்கு மூன்று இரவை நான்காக்கியும் விட்டேன். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே வந்தார்.

"ஒரு டின்னு மண்ணுதானே கேட்டாங்க? இப்ப பாரு, ஒரு நாள் கூடிப்போச்சு."

"நீங்களும்தானே சிரிச்சீங்க" என்றேன்.

கிளம்பும் அன்றைக்குக் காலையில்தான் மகளுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. தலை சீவிக்கொண்டிருந்தபோது, "அங்க போயி எனக்கு அழுகை வந்தா என்னம்மா பண்றது?" என்று கேட்டாள். எனக்கு அப்போதே வந்துகொண்டிருந்தது. அவள் அப்பா முந்திக்கொண்டார். சமாளிப்பதில் கோயில் தலைவருக்கு நிகர் உண்டா?

"உனக்கு வராதுடா. காப்பு கட்டினவங்களுக்குத்தான் வீட்டு ஞாபகம் வரும். கயிறு கட்டியிருக்கில்ல, ஆத்தா புடிச்சு இழுப்பா, அதான் அழுகை வருது. உனக்குத்தான் கட்டலையே. உன்னை எது இழுக்கும்?"

எந்தப் புராணத்திலும் இல்லாத ஒன்றை இப்படிக் கண் இமைக்காமல் சொன்னார். மகள் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. திருப்தியாகச் சிரித்தாள்.

கம்போங் ராஜாவிலிருந்து வந்த காய்கறி லோரி ஒன்று எங்களைப் பிரிஞ்சாங்கில் இறக்கிவிட்டது. டீச்சரின் அறையில் ஒரு கட்டிலும் ஒரு ரேடியோவும் இருந்தன. மகள் செருப்பைக் கழற்றியதும் கட்டிலில் ஏறிக் குதித்தாள். பிறகு ரேடியோவைத் திருகினாள். பிறகு ஜன்னலில் தொங்கிக்கொண்டு கீழே ரோட்டில் ஓடும் காடிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். அலைக்குப் பக்கத்தில் போகாதே, டீச்சர் கையை விடாதே, ஈரத் தலையோடு படுக்காதே என்று நான் சொல்லச் சொல்ல, "சரிமா, சரிமா" என்று ஜன்னலுக்கு வெளியேதான் பதில் போயிற்று.

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. நானும் வெளியே இருந்துவிட்டால் எனக்கும் கட்டு இல்லை. கடற்கரைக்கே போய் ஏதாவது மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தலைவர் பெண்டாட்டி இல்லாமல் காப்பு கட்டினால் அப்புறம் அந்த மனிதர் யாரிடம் விறகு பிளக்கச் சொல்வார்? "போயிட்டு வரேன்டி" என்றேன். திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினாள்.

பாலத்தில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். நான் உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் மேளம் எல்லையைச் சுற்றி வந்தது. பூசாரி ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டே வந்தார். என் மணிக்கட்டில் சுற்றி முடிச்சை இறுக்கியபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. இனி அவள் அங்கே தேம்பித் தேம்பி அழுதாலும் நான் போய்ப் பக்கத்தில் படுக்க முடியாது. பிள்ளையைப் பிடித்து வைக்கும் என்று நான் நம்பியிருந்த சட்டம், பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மன் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் சிரிப்புத்தான்.

அந்த நாட்களில் நான் அழுத அழுகை தேயிலைச் செடிகளுக்குத்தான் தெரியும். வேலைக்காட்டில் நிரையில் நின்று கொழுந்தெடுக்கும்போது கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கும். பக்கத்து நிரைக்காரி கேட்டால் பூச்சி விழுந்துவிட்டது என்பேன். "தெனமும் ஒரே பூச்சியா?" என்று அவள் கேட்டாள். நான் கூட்டத்தில் வீறாப்பாகப் பேசியதை நானே விழுங்க வேண்டியிருந்ததால் யாரிடமும் சொல்லி அழவும் வழியில்லை.

என் வீட்டுக்காரர் நிலைமையும் அப்படித்தான். தொழிற்சாலையில் பீற்றியதெல்லாம் வடிந்துபோய், கோயிலில் பூசாரியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், அலை எவ்வளவு உயரம் வரும் என்று விசாரித்திருக்கிறார். பூசாரி துறைமுகத்தில் கப்பலைப் பார்த்தவரே தவிர அலையைப் பார்த்தவரில்லை. ஆனாலும் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக்கூடாதே, "லயத்துக் கூரை ஒசரம் வரும், தலைவரே" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு இவர் சோற்றைத் தொடவில்லை. நான் அவரைத் திட்டவுமில்லை. இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வரும் நாளில் மத்தியானத்துக்குமேல் நான் பாலத்தில் போய் நின்றுவிட்டேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் வந்து நின்றதும் டீச்சர் இறங்கினார், பின்னால் என் மகள். கருகருவென்று வெயிலில் காய்ந்து, மூக்கு நுனி தோல் உரிந்து, ஒரு சுற்றுப் பெருத்து இறங்கினாள். நான்கு நாளாக மனசுக்குள் நூறு தடவை கடலில் தூக்கிப் போட்டு எடுத்த பிள்ளை, பெருத்து வந்து நிற்கிறது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. என் சோற்றில் பெருக்காத உடம்பு அங்கே எப்படிப் பெருத்தது?

"அழுதாளா டீச்சர்?" என்றேன். ஒரு சொட்டாவது அழுதிருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "மொத நாளே எல்லாப் பிள்ளைங்களும் அம்மா அம்மான்னு ஒரே அழுகைக்கா. எங்களால சமாளிக்க முடியல. உங்க புள்ள மட்டும் ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி கையத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருந்தா. என்னடா பாக்கறேன்னு கேட்டேன். கயிறு தேடறேன் டீச்சர்னா. கயிறில்லாம ஏன் இதுங்கல்லாம் அழுவுதுங்கன்னு அவளுக்கு ஒரே யோசனை."

டீச்சருக்கு இது ஒரு வேடிக்கை. நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அதற்குள் மகள் தோரணத்துக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். லூமுட்டில் தேடிக் கிடைக்காத கயிறு என் கையில் இருந்தது. மஞ்சள் வெளுத்து, கொழுந்துக் கறை ஏறி இருந்தது.

"ரொம்ப அழுதியாம்மா?" என்றாள்.

டீச்சர் நிற்கிறார், பஸ்ஸில் டிரைவர் பார்க்கிறான். இல்லையென்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஆமாடி" என்றேன்.

"பாவம்மா நீ" என்று என் கையைத் தடவிக்கொடுத்தாள். "கயித்த அவுக்கற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். அவுத்துட்டா சரியாயிடும்."

ஞாயிற்றுக்கிழமை ஓடையில் கயிறுகளை அவிழ்த்து விட்டோம். அதற்கப்புறம் அவள் ஈப்போவில் விடுதிக்குப் போனாள், அங்கிருந்து கோலாலம்பூருக்கு, அங்கிருந்து நான் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடுகிற தூரத்துக்கு. ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி திரும்பிப் பார்க்காமல் கையை ஆட்டிவிட்டுப் போனாள். எனக்குக் கயிறு அவிழ்த்தது அன்றைக்கே அவிழ்த்ததுதான். இன்னும் சரியாகவில்லை.